கழற்றி மாட்டும் காந்தம்: எலெக்ட்ரிக் கிட்டார் பிக்கப்பின் கதை

இந்த வாரம் சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் கிடையாது. எலெக்ட்ரிக் கிட்டார் பற்றி ஒரு நீண்ட இழை. "டாக்டருக்கு கிட்டாரோட என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. கொஞ்சம் பொறுங்க. நடுவுல ஈ.சி.ஜி. வரும், பேஸ்மேக்கர் வரும், கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ்கூட வரும்.

எனக்கு இருக்கிற கேள்வி இதுதான். 1969-ல் அமெரிக்காவில் ஒரு கிட்டார் வந்தது. அதன் குரலையே தீர்மானிக்கிற பாகத்தைக் கையாலேயே கழற்றி, சில நொடியில் வேறு ஒன்றை மாட்டிவிடலாம். சால்டரிங் வேண்டாம், ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். ஆனால் இரண்டே வருஷத்தில் அதன் உற்பத்தி நின்றுபோனது. அதற்கு அடுத்த வருஷம், சால்டரிங் அயர்னும் கையுமா உட்கார்ந்து மல்லுக்கட்டி மாட்ட வேண்டிய ஒரு பிக்கப் விற்பனைக்கு வந்தது. அது ஒரு புதுத் தொழிலையே உண்டாக்கிவிட்டது.

சுலபமானது தோத்துப்போச்சு, கஷ்டமானது ஜெயிச்சிடுச்சு. ஏன்?

முதல்ல பிக்கப்னா என்னன்னு பார்த்துடுவோம். எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே, சோப்புக் கட்டியை நீளவாக்கில் வெட்டி வைத்த மாதிரி ஒன்றோ இரண்டோ மூன்றோ பட்டைகள் தெரியும். அவைதான் பிக்கப். உள்ளே காந்தம். அதைச் சுற்றி, நம்ம தலைமுடி அளவே தடிமனுள்ள (சுமார் 0.06 மில்லிமீட்டர்) செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று.

மேலே ஸ்டீல் தந்தி. கீழே இருக்கிற காந்தம் அந்தத் தந்தியையும் லேசாகக் காந்தமாக்கி வைத்திருக்கும். தந்தியை மீட்டினால் அது அதிரும். காயில் வழியாகப் போகிற காந்தப்புலம் ஏறி இறங்கும். காயிலில் ஒரு சின்ன மின்னழுத்தம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த அதே விதி. ஆரல்வாய்மொழிப் பக்கம் சுத்துற காத்தாலைக்குள்ளேயும் இதே விதிதான் வேலை செய்யுது.

அதாவது பிக்கப் ஒரு மைக் இல்லை. காற்றில் வருகிற சத்தத்துக்காக அது காத்திருக்கவில்லை. இரும்பின் அசைவைத்தான் அது பார்க்கிறது. அதே இடத்தில் நைலான் தந்தியைக் கட்டினால் அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

கிட்டாரின் மரத்தை மாற்றினால் ஒலி எவ்வளவு மாறும் என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். பிக்கப்பை மாற்றினால் மாறும் என்பதில் சண்டையே இல்லை. எத்தனை சுற்று, என்ன காந்தம், காயில் ஒல்லியா குண்டா என்பதைப் பொறுத்து அதே கிட்டார் கணீரென்றும் பேசும், கரகரவென்றும் பேசும். அதனால்தான் இதைக் கழற்றி மாட்டுகிற ஆசை பிறந்தது.

இனி வரலாறு.

1920-30களில் அமெரிக்காவில் நடனக் கூடங்களில் ட்ரம்பெட், சாக்ஸஃபோன், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்த பெரிய வாத்தியக் குழுக்கள். அந்தக் கூச்சலில் பாவம் கிட்டார்க்காரர் என்ன வாசித்தாலும் யாருக்கும் கேட்காது. லாஸ் ஏஞ்சலீஸில் ஜார்ஜ் போஷாம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் இருவரும் சேர்ந்து 1931-ல் ஒரு மாதிரி செய்தார்கள். 1932-ல் விற்பனைக்கு வந்தது. மடியில் படுக்கவைத்து வாசிக்கிற ஹவாய் பாணி கிட்டார். வட்ட உடம்பு, நீளக் கழுத்து. பார்க்க தோசைக்கல்லுக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இருக்கும். அமெரிக்கர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது, 'ஃப்ரையிங் பேன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காப்புரிமை 1937-ல் கிடைத்தது.

அதில் குதிரை லாட வடிவில் இரண்டு காந்தம், தந்திகள் அந்த லாடத்துக்குள்ளேயே புகுந்து போகும். கழற்றுகிற பேச்சுக்கே இடமில்லை.

1936-ல் கிப்சன் கம்பெனி இ.எஸ்-150 என்ற கிட்டாரைக் கொண்டுவந்தது. அதன் பிக்கப்புக்கு இன்றும் 'சார்லி கிறிஸ்டியன் பிக்கப்' என்றுதான் பெயர், அதை வாசித்துப் புகழ்பெற்ற ஜாஸ் கலைஞரின் பெயர். எலெக்ட்ரிக் கிட்டாரைத் தனி வாத்தியமாக நிமிர்த்தியவர்களில் முக்கியமானவர். 1942-ல் இறந்தபோது அவருக்கு வயது 25. காரணம், காசநோய். அதற்கு அடுத்த வருஷம், 1943-ல்தான் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. டாக்டர் புத்தி, இந்தத் தேதிகளை அடுத்தடுத்துப் பார்த்தால் சொல்லாமல் போக முடியவில்லை.

அப்போது இன்னொரு பாதையும் இருந்தது. ஒஹாயோ மாநிலம் டொலிடோ நகரத்தில் ஹாரி டிஆர்மண்ட் என்பவர், சாதாரண கிட்டாரில் வெளியிலிருந்தே மாட்டுகிற பிக்கப்பை 1930களின் கடைசியில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கிட்டாரில் துளை போட வேண்டாம், வெட்ட வேண்டாம். ஒரு மெல்லிய உலோகக் கம்பியில் பிக்கப் தொங்கும். வேண்டும்போது மாட்டு, வேண்டாதபோது கழற்று.

கவனிச்சீங்களா? கழற்றி மாட்டுகிற பிக்கப் புதுசா யாரும் கண்டுபிடிச்சது இல்லை. ஆரம்பத்திலேயே அது இருந்தது. கிட்டாரை எலெக்ட்ரிக் கிட்டாராகவே தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்த பிறகுதான் பிக்கப் உடம்போடு ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்டதுன்னு சொன்னாலும், லியோ ஃபெண்டர் விஷயம் வேற. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் உடைந்து வருகிற சாமானை எப்படிச் சீக்கிரம் திறந்து மூடணும் என்பது அவருக்கு அத்துப்படி.

அவருடைய 1954 ஸ்ட்ராடோகாஸ்டரைப் பாருங்க. தமிழ் சினிமாப் பாட்டில் கிட்டார் வருகிற இடத்தில் நீங்கள் மனசில் வரைந்து பார்க்கிற உருவம் பெரும்பாலும் அதுதான். முன்னால் ஒரு பிளாஸ்டிக் பலகை. மூன்று பிக்கப், மூன்று குமிழ், ஒரு ஸ்விட்ச், எல்லாமே அந்தப் பலகையிலேயே மாட்டியிருக்கும். ஆரம்ப மாடலில் எட்டு ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் கிட்டாரின் குடல் மொத்தமும் ஒரே கையில் வந்துவிடும். கழுத்துகூட ஒட்டு இல்லை, ஸ்க்ரூதான். ரேடியோ மெக்கானிக் ஒருத்தர் கிட்டார் செய்தால் அப்படித்தான் இருக்கும்!

அந்த பிக்கப் எல்லாம் ஒற்றைக் காயில். ஒலி அருமையா இருக்கும். ஒரே தொல்லை, 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கூடவே வரும். அது சுவரில் ஓடுகிற மெயின்ஸ் கரண்ட். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம்ம ஊரில் 50.

ஈ.சி.ஜி. எடுத்தவர்களுக்கு இது நல்லா தெரியும். சில நேரம் கோடு மெல்லிசா வராமல் கம்பளிப்பூச்சி மாதிரி தடிச்சு வரும். பேஷன்ட் இதயத்தில் கோளாறு இல்லை. பக்கத்தில் ஓடுகிற மின்சாரம் உடம்பையே ஆன்டெனாவாக்கிக்கொள்கிறது. ஈ.சி.ஜி. மெஷின் இதை எப்படிக் குறைக்கிறது? இரண்டு மின்முனையில் வருகிறதைக் கழித்துப் பார்க்கிறது. இரண்டிலும் பொதுவாக இருக்கிற இரைச்சல் கழிந்துவிடும். வித்தியாசமாக இருக்கிற இதயத் துடிப்பு மட்டும் மிஞ்சும்.

மிச்சிகன் மாநிலம் கலமசூ நகரில், கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் செய்ததும் இதே கணக்குதான். ஒரு காயிலுக்குப் பதில் இரண்டு. ஒன்றின் சுற்று திசையும் காந்த திசையும் மற்றதற்கு எதிர். மின்சார இரைச்சலுக்குக் காந்த திசையைப் பற்றிக் கவலை இல்லை, அதனால் இரண்டு காயிலிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றை ஒன்று தின்றுவிடும். தந்தியின் அசைவுக்கு இரண்டு முறை திசை மாறுவதால் அது கூடிவிடும். பெயர் ஹம்பக்கர். 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம், 1957-ல் கிட்டாரில் வந்தது, 1959-ல் காப்புரிமை கிடைத்தது.

இடைப்பட்ட காலத்தில் பிக்கப்பின் அடியில் 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்' என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த மூன்று சொல்லின் சுருக்கம்தான் இன்று கிட்டார் உலகத்தில் பக்தியோடு உச்சரிக்கப்படுகிற 'பி.ஏ.எஃப்.' காப்புரிமை கிடைத்த பிறகு நம்பர் போட்டார்கள். ஆனால் போட்ட நம்பர் பிக்கப்புடையது இல்லை, தந்திகளை இழுத்துப் பிடிக்கிற பாகத்துக்கு லெஸ் பால் வாங்கிய வேறொரு காப்புரிமையின் நம்பர்! போட்டிக் கம்பெனிக்காரன் தேடிப் போனால் வழி தவறட்டும் என்ற குறும்பு என்று பலரும் சொல்கிறார்கள்.

பி.ஏ.எஃப். இரண்டு ஒரே மாதிரி இருக்காது. காயில் சுற்றுகிற மெஷின் தானாக நிற்காது. போதும் என்று தோன்றும்போது நிறுத்துவார்கள். கணக்குக்கு ஒரு காயிலுக்கு 5,000 சுற்று, நிஜத்தில் முன்னேபின்னே. காந்தமும் கையில் கிடைத்த ரகம். அதனால் சில பிக்கப் அசாத்தியமாக அமைந்துவிட்டன, சில சுமார்.

இங்கே இன்னொன்று நடந்தது. அப்போது யாரும் அதைப் பெரிசா நினைக்கவில்லை. ஹம்பக்கரின் நீள அகலம் ஏறக்குறைய 70-க்கு 38 மில்லிமீட்டர் என்று நிலைத்துவிட்டது. ஸ்ட்ராடோகாஸ்டர் பிக்கப்பின் அளவும் அப்படியே நிலைத்துவிட்டது. லட்சக்கணக்கான கிட்டார், ஒரே அளவுத் துளைகள். அந்தத் துளைகளை மனசில் வச்சுக்கோங்க.

இப்ப 1969.

நியூயார்க்கில் கிட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த டான் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவரை ஆம்பெக் கம்பெனி கிட்டார் வடிவமைக்க அழைத்தது. அவர் செய்தது முழுக்க முழுக்கக் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற கிட்டார். கண்ணாடி இல்லை, அக்ரிலிக் பிளாஸ்டிக். ரசாயனப் பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்.

இது எங்களுக்குப் பழகிய சரக்கு. 1949-ல் லண்டனில் ஹரால்டு ரிட்லி கண்புரை நோயாளிக்கு முதன்முதலாக உள்ளே வைத்த செயற்கை லென்ஸ் இதே பொருள்தான். இடுப்பு மூட்டு மாற்றும்போது எலும்போடு ஒட்டவைக்கிற சிமென்டும் இதே குடும்பம். உடம்பு சண்டை போடாத பிளாஸ்டிக். ஆனால் கிட்டாராகத் தோளில் தொங்கவிட்டால் கனம். ரொம்பக் கனம்.

அந்த கிட்டாரின் உண்மையான புதுமை ஊடுருவித் தெரிவது இல்லை. பின்பக்கம் விரலால் திருகுகிற ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைத் தளர்த்தினால் பிக்கப் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வேறு ஒன்றை உள்ளே தள்ளினால் அதன் பிளக் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்க்ரூவைத் திருகு, வாசி. அவ்வளவுதான்.

பிக்கப்பை வடிவமைத்தவர் பில் லாரன்ஸ், ஜெர்மனியில் பிறந்தவர். மொத்தம் ஆறு வகை. ராக், கன்ட்ரி, ஜாஸ் என்று மூன்று பாணி. ஒவ்வொன்றிலும் ட்ரெபிள் ஒன்று, பேஸ் ஒன்று. ஒரு பாட்டுக்கு ராக் ட்ரெபிள், அடுத்த பாட்டுக்கு ஜாஸ் பேஸ். ஒரே கிட்டாருக்குள் ஆறு கிட்டார்.

விளம்பரத்துக்கும் குறைச்சல் இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1969 அமெரிக்கப் பயணத்தில் கீத் ரிச்சர்ட்ஸ் மேடையில் வாசித்தது இந்த கிட்டாரைத்தான். இதைவிட என்ன வேணும் ஒரு புதுப் பொருளுக்கு?

1971-ல் உற்பத்தி நின்றது. ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் கம்பெனிக்கும் உரசல், கம்பெனியே கைமாறியது, கிட்டாரின் கனம், எல்லாம் காரணம். ஆனால் நான் பார்க்கிற காரணம் வேறு. அந்த அழகான துளைக்குள் அந்த ஆறு பிக்கப் மட்டும்தான் போகும். ஏழாவது ஒன்றை உலகத்தில் யார் செய்தாலும் போகாது. அந்த ஆறும் உலகத்தில் வேறு எந்த கிட்டாருக்கும் போகாது. கதவு சுலபமாகத் திறந்தது, சரிதான். திறந்தால் அந்தப் பக்கம் ஒரே ஒரு கடை.

அடுத்த வருஷம், 1972. நியூயார்க்கிலேயே கிட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர், லாரி டிமார்ஸியோ. 'சூப்பர் டிஸ்டார்ஷன்' என்று ஒரு பிக்கப் செய்தார். பி.ஏ.எஃப்.பை விட அதிகச் சுற்று, வலுவான செராமிக் காந்தம். ஆம்ப்ளிஃபயருக்குள் போகிற சிக்னல் பெரிசு, அதனால் வால்வு ஆம்ப் சீக்கிரமே உறுமும். அந்தக் காலத்து இளைஞர்கள் கேட்டது அந்த உறுமலைத்தான். கிஸ் குழுவின் ஏஸ் ஃப்ரேலி அதை மாட்டினார்.

டிமார்ஸியோ எந்தப் புது பிளக்கும் கண்டுபிடிக்கவில்லை. விரல் ஸ்க்ரூ கிடையாது, வழுக்கி உட்காருவது கிடையாது. அவர் செய்தது ஒன்றே ஒன்று: ஏற்கெனவே லட்சக்கணக்கான கிட்டாரில் இருந்த அந்த 70-க்கு 38 துளைக்குள் போகிற மாதிரி செய்தார். மீதியை சால்டரிங் அயர்ன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த அளவு யார் உத்தரவும் போட்டு வந்தது இல்லை. எந்தக் கமிட்டியும் உட்கார்ந்து தீர்மானம் போடவில்லை. ஆனாலும் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். (அளவைக் காப்பியடிக்கலாம், நிறத்தை முடியாது என்பது தனி வேடிக்கை. இரண்டு காயிலும் க்ரீம் நிறத்தில் இருக்கிற ஹம்பக்கர் அமெரிக்காவில் டிமார்ஸியோவின் வணிக முத்திரை. அதனால்தான் மற்ற கம்பெனிகள் ஒன்று கறுப்பு, ஒன்று க்ரீம் என்று போட்டுச் சமாளிக்கின்றன.)

பிறகு வரிசையாக வந்தார்கள். சீமோர் டங்கன் லண்டனில் இருந்த காலத்தில், கெட்டுப்போன இரண்டு பி.ஏ.எஃப்.பை மறுபடி சுற்றி, ஃபெண்டர் டெலிகாஸ்டர் ஒன்றில் பதித்து ஜெஃப் பெக்குக்குக் கொடுத்தார். ஒரு கம்பெனியின் உறுப்பு, போட்டிக் கம்பெனியின் உடம்பில். 1976-ல் கலிஃபோர்னியாவில் சொந்தமாகவே கம்பெனி ஆரம்பித்தார்.

அதே கலிஃபோர்னியாவில் எட்டி வான் ஹேலன் என்ற பையன் செய்ததுதான் உச்சம். ஸ்ட்ராட் வடிவத்தில் தனியாக விற்ற மலிவான உடம்பும் கழுத்தும் வாங்கி, கிப்சன் கிட்டாரிலிருந்து எடுத்த பி.ஏ.எஃப்.பை அதில் வைத்தார். கிப்சனில் தந்திகளின் இடைவெளி குறைவு, ஃபெண்டர் பாணியில் அதிகம். நேராக வைத்தால் ஓரத் தந்திகள் காந்தத்துக்கு நேராக வராது. பையன் என்ன செய்தார்? பிக்கப்பைச் சாய்த்து வைத்துவிட்டார். பெரிய சத்தத்தில் காயில் கிறீச்சிடாமல் இருக்க உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தார். அந்த கிட்டாருக்குப் பெயர் ஃபிராங்கன்ஸ்டைன். 1978-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்துக்குப் பிறகு உலகத்தில் பாதிப் பையன்கள் கிட்டாரை அறுக்க ஆரம்பித்தார்கள்.

உறுப்பு மாற்று சிகிச்சை மாதிரி இருக்குன்னு சொல்லத் தோணும். ஆனால் எனக்கு இதைப் படிக்கும்போது ஞாபகம் வருவது பேஸ்மேக்கர்.

பேஸ்மேக்கர் இரண்டு துண்டு. தோள் எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி, அதில் பேட்டரி. அதிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகிற ஒயர், நாங்கள் 'லீட்' என்போம். பேட்டரி தீர்ந்தால் பெட்டியை மாற்றுவோம், லீடைத் தொடமாட்டோம். வருஷக்கணக்கில் அது இதயச் சதையோடு ஒட்டிப்போயிருக்கும், இழுத்தால் ஆபத்து. ஆக, பழைய லீடைப் புதுப் பெட்டியில் செருகணும். செருகிவிட்டு ஒரு குட்டி ஸ்க்ரூவை முடுக்கணும். ஆமா, ஆர்ம்ஸ்ட்ராங் கிட்டார் மாதிரியேதான்.

முன்பு ஒவ்வொரு கம்பெனி லீடின் முனையும் ஒவ்வொரு அளவு. 5 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர், 3.2 மில்லிமீட்டர் என்று. 3.2-லேயே ஒன்றுக்கொன்று ஒத்துவராத ரகங்கள் வேறு. பெட்டி வேறு கம்பெனி என்றால் நடுவில் அடாப்டர் வைக்கணும். தோலுக்கு அடியில் இன்னும் ஒரு மூட்டு, கழன்றுபோக இன்னும் ஒரு இடம். இதைத் தாங்க முடியாமல்தான் எல்லாரும் சேர்ந்து ஐ.எஸ்-1 என்று ஒரே முனையை ஏற்றுக்கொண்டார்கள். 1992-ல் அது சர்வதேசத் தரமாகவே வெளிவந்தது. இன்று எந்தக் கம்பெனியின் ஐ.எஸ்-1 லீடும் எந்தக் கம்பெனியின் ஐ.எஸ்-1 பெட்டிக்கும் போகும். பேஷன்ட் முதல் கம்பெனியிடம் ஆயுள் முழுக்க மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

பிக்கப் உலகத்துக்கு இந்த நல்ல காலம் பாதிதான் வந்தது. துளையின் அளவு பொது. ஒயரின் நிறம் பொது இல்லை.

ஹம்பக்கரில் இரண்டு காயில், ஆக நான்கு ஒயர். சீமோர் டங்கனில் கறுப்பு ஒயர்தான் சிக்னல்; சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கணும்; பச்சை எர்த். டிமார்ஸியோவில் சிவப்புதான் சிக்னல், கறுப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கணும், பச்சை எர்த். அதே நான்கு நிறம், வேறு அர்த்தம்!

டிமார்ஸியோ பிக்கப்பை டங்கன் படத்தைப் பார்த்து மாட்டினால் என்ன ஆகும்? ஒரு காயில் தலைகீழாகிவிடும். அப்போது தந்தியின் ஒலி ஒன்றை ஒன்று தின்று, மூக்கால் பேசுகிற மாதிரி ஒல்லியாக வரும். ரத்தாக வேண்டிய ரீங்காரமோ கூடிக்கொள்ளும். சேத் லவர் செய்த வேலை முழுசும் திருப்பிப் போட்ட மாதிரி. பிக்கப் கெட்டுப்போச்சு என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆபரேஷன் தியேட்டரில் இப்படி ஒரே நிறக் குழாய்க்கு இரண்டு கம்பெனி இரண்டு அர்த்தம் வைத்தால் எங்கே போய் முடியும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

குமிழுக்குப் பின்னால் இருக்கிற மின்தடையும் ஒரு சிக்கல். ஒற்றைக் காயிலுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. பேட்டரியில் ஓடுகிற இ.எம்.ஜி. பிக்கப்புக்கு 25. எல்லாருக்கும் ஒரே பிளக் கொடுத்தால்கூடப் பின்னால் இருக்கிற சர்க்யூட் ஒத்துவரணும். இ.எம்.ஜி. இன்று சால்டரிங் இல்லாமல் பிளக் செருகி மாட்டுகிற மாதிரிதான் தருகிறது, நல்ல வசதி. ஆனால் அந்த வசதி பிக்கப், குமிழ், ஒயர் எல்லாம் அவர்களுடையதாக இருக்கும் வரைதான். கிப்சனும் 2000களின் கடைசியில் சர்க்யூட் போர்டும் பிளக்குமாகச் சில மாடலில் கொண்டுவந்தது. பழைய ஆட்கள் வாங்கிய கையோடு அதைப் பிடுங்கிப்போட்டு ஒயர் வைத்து சால்டர் செய்தார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஒயரும் ஈயமும் எந்த ஊர் மெக்கானிக்கிடமும் உண்டு. அந்த பிளக் அந்தக் கம்பெனியிடம் மட்டும்தான்.

சுவிட்சர்லாந்தின் ரெலிஷ் கம்பெனி கிட்டத்தட்ட சரியான இடத்துக்கு வந்தது. எந்தக் கம்பெனி ஹம்பக்கரையும் ஒரு சட்டத்தில் பொருத்தி, கிட்டாரின் பின்பக்கமாக உள்ளே தள்ளலாம், காந்தம் பிடித்துக்கொள்ளும். ஆர்ம்ஸ்ட்ராங்கின் வேகமும் டிமார்ஸியோவின் துளையும் ஒரே இடத்தில். அந்தச் சட்டத்தை மற்ற கம்பெனிகளும் தங்கள் கிட்டாரில் ஏற்றுக்கொண்டிருந்தால் கதை வேறு.

இந்தக் கழற்றி மாட்டும் ஆட்டத்தில் நஷ்டப்பட்டவர்களும் உண்டு. 1970களில் புது பிக்கப் வாங்கியவர்கள் உள்ளே இருந்த பழையதை மேஜை டிராயரில் போட்டார்கள், சும்மா கொடுத்தார்கள், குப்பையில் வீசினார்கள். அதில் எத்தனையோ பி.ஏ.எஃப். இன்று ஒரு ஜோடி அசல் பி.ஏ.எஃப். பல ஆயிரம் டாலர். ஒரு நல்ல புது கிட்டாரையே அந்தக் காசில் வாங்கிவிடலாம். போலி ஸ்டிக்கர் அச்சடிக்கிறவர்களும் வந்தாச்சு.

அதனால் 1950கள் கிட்டார் விற்பனைக்கு வந்தால் வாங்குகிறவர் முதலில் உள்ளே திறந்து சால்டர் மூட்டுகளைப் பார்ப்பார். தொழிற்சாலையில் வைத்த ஈயம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருந்தால் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். விற்கிறவர் "ஒண்ணுமே மாத்தலைங்க" என்பார். நாங்களும் இதைத் தினம் பார்க்கிறோம். "ஆபரேஷன் எதுவும் பண்ணலை டாக்டர்" என்பார்கள். சட்டையைத் தூக்கினால் வலது பக்க அடிவயிற்றில் அப்பெண்டிக்ஸ் தழும்பு இருக்கும்.

கடைசியா, இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் பிக்கப் மாற்றப் போகிறீர்கள் என்றால் மருத்துவராக இரண்டு வார்த்தை. சால்டரிங் செய்யும்போது வருகிற வெள்ளைப் புகை பெரும்பாலும் ஈயம் இல்லை, ஃப்ளக்ஸில் இருக்கிற பிசின். தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரவைக்கக்கூடியது. ஏற்கெனவே வீசிங் இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்து, ஃபேனை முகத்திலிருந்து புகையை வெளியே தள்ளுகிற பக்கம் வையுங்க. ஈயம் உள்ளே போவது விரல் வழியாகத்தான். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீங்க. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் செய்யவே வேண்டாம்.

அயர்னைச் சூடு பண்ணுவதற்கு முன்னால் பழைய ஒயர் எங்கே போகிறது என்று செல்ஃபோனில் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. நிறத்தின் அர்த்தத்தை அந்தந்தக் கம்பெனியின் தாளில் பாருங்க, பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான் என்று முறுக்காதீங்க. கழற்றிய பிக்கப்பை, அதன் ஸ்க்ரூ ஸ்பிரிங்கோடு ஒரு கவரில் போட்டு, எந்த கிட்டார், எந்த வருஷம் என்று எழுதி எடுத்து வையுங்க.